குழாய் பிறகு, முதலில் சேறு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் சாலையில், தெலுக் பங்லிமா காராங் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்: பாலத்தில் ஏறும்போது ஒரு தூக்கல், இறங்கும்போது ஒரு தூக்கல். பாலம் ஆழத்தில் இறங்கிய தூண்களின் மேல் நிற்கிறது. அதற்கு வந்து சேரும் சாலை சேற்றின் மேல் கிடக்கிறது. பாலம் அசையாமல் நிற்க, சாலை மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. நாமோ பொதுப்பணித் துறையை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அந்தச் சாலை ஏன் இறங்குகிறது, இன்னும் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவருக்கு அதே அறிவை வைத்துத் திரெங்கானு கடலிலும் சபா கடலிலும் வேலை இருக்கிறது. கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் கொண்டுவரும் குழாய்கள் கடைசியில் மண்ணை நம்பித்தான் கிடக்கின்றன.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், சிவில் டிப்ளோமா கையில் இருப்பவர்கள், நிலவியல் படித்துவிட்டு வேலை தேடுபவர்கள், இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்துக்கொண்டே வேறு துறைக்கு மாற நினைப்பவர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். "ஆயில் அண்ட் கேஸ்" என்றதும் நம் வீடுகளில் பெட்ரோனாஸ் கோபுரமும் பெரிய சம்பளமும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. மண் யாருக்கும் தெரிவதில்லை. அதனாலேயே அங்கே நெரிசல் குறைவு.

காலடியில் இருப்பதே பழைய கடல் தரை

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், மலாக்கா நீரிணை இருந்த இடம் பெரும்பாலும் காய்ந்த நிலம். பனி உருகிக் கடல் ஏறியது. ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் உயரத்தில் நின்றது. அப்போது கோலா லங்காட் கரையோரம் தண்ணீருக்கடியில் இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த நுண்சேறு அங்கே படிந்தது. பிறகு கடல் பின்வாங்கியது. இன்று செம்பனை நிற்கும் இடமும், தெலுக்கின் தொழிற்சாலைகளும், கேரித்தீவுக்குப் போகும் வழியும் அந்தப் படிவின் மேல்தான் இருக்கின்றன. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இந்த இளம் கடற்படிவை நிலவியலாளர்கள் குலா படிவு என்கிறார்கள். தைப்பிங் கரையோரத்தை ஆராய்ந்து இந்தப் படிவுகளை வகைப்படுத்தி 1980-களில் எழுதியவர்களில் ஒருவர் மலேசிய நிலவியல் ஆய்வுத் துறையின் சுந்தரலிங்கம். நம் பெயர்கள் இந்தத் துறைக்குப் புதியவை அல்ல.

இந்தக் களிமண் பல இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தடிமன். அதில் இருக்கும் தண்ணீரின் எடை, காய்ந்த மண்ணின் எடைக்குச் சமமாகவோ அதைத் தாண்டியோ போவது சாதாரணம். தொந்தரவு செய்யாத வரை ஓரளவு நிற்கும். கலக்கிவிட்டால் உறைதயிர் மோரானதுபோல் வலுவை இழந்துவிடும். மோரிப் கடற்கரையில் நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் நடந்து பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முதல் அடி தாங்கும், அதே இடத்தில் காலை ஆட்டினால் முழங்கால் வரை போகும்.

இந்தச் சேற்றைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு மூவார் சோதனை சாட்சி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்காக 1980-களின் இறுதியில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார் களிமண்ணின் மேல் பல சோதனைக் கரைகளை எழுப்பியது. அவற்றில் ஒன்று வேண்டுமென்றே சரியும்வரை உயர்த்தப்பட்டது. எந்த உயரத்தில் சரியும் என்று முன்கூட்டியே சொல்ல உலகெங்குமிருந்து வல்லுநர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பேராசிரியர் ஏ.எஸ். பாலசுப்பிரமணியம். இலங்கையில் பிறந்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, பேங்காக்கிலுள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மென்களிமண்ணை ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்தவர். கரை சரிந்தது 5.4 மீட்டரில். கணிப்புகளோ மூன்று மீட்டரை ஒட்டியும் இருந்தன, ஒன்பதைத் தாண்டியும் இருந்தன. 1989-இல் கோலாலம்பூரில் நடந்த கருத்தரங்கில் எல்லாம் மேடையேறின. ஒரே மண், ஒரே தரவு, உலகின் தேர்ந்த மூளைகள், அப்படியும் இவ்வளவு வித்தியாசம். இந்தத் துறையில் அனுபவத்துக்கு ஏன் மதிப்பு என்பது இதிலேயே புரியும்.

புத்ரா ஹைட்ஸ் நெருப்பு

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீ கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளிலிருந்தும் தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், வீடுகளும் வண்டிகளும் எரிந்தன. ஜூன் 30 அன்று வெளியான விசாரணை முடிவு மண்ணைச் சுட்டியது: குழாயின் கீழிருந்த நிலம் மென்மையாகவும் ஈரம் மிகுந்தும் இருந்தது, தாங்குதல் குறைந்தது, குழாய் தன் இடத்திலிருந்து இறங்கியது, திரும்பத் திரும்ப வந்த சுமையில் உலோகம் களைத்து உடைந்தது.

அது நிலத்துக் குழாய். ஆனால் அந்த வரிசையைப் பாருங்கள்: தாங்குதல் போவது, குழாய் அசைவது, சுமை மாறி மாறி வருவது, உலோகம் களைப்பது. கடலடிக் குழாய்ப் பொறியாளர்கள் தினமும் தடுக்கப் பார்ப்பது இதைத்தான். கடலில் கூடுதலாக அலையும் நீரோட்டமும் உண்டு. ஆளனுப்பித் தோண்டிப் பார்ப்பதும் எளிதல்ல.

ஒரு கணக்கு போடுவோம்

நேர்காணலுக்குப் போவதற்கு முன் இதை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். வெளிவிட்டம் 610 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 15.9 மில்லிமீட்டர் உள்ள எஃகுக் குழாய். மீட்டருக்கு எடை சுமார் 233 கிலோ. அது விலக்கும் கடல்நீரின் எடை சுமார் 300 கிலோ. ஆக, இந்த இரும்புக் குழாய் காலியாக இருந்தால் மிதக்கும்! மூழ்க வைக்கத்தான் அதன் மேல் கனமான கான்கிரீட் பூசுகிறார்கள். கன மீட்டருக்கு 3,040 கிலோ அடர்த்தியுள்ள கான்கிரீட்டை 50 மில்லிமீட்டர் பூசினால் மீட்டருக்கு 315 கிலோ கூடும். விட்டமும் கூடுவதால் விலக்கும் நீர் 406 கிலோவாகும். மிச்சம், தண்ணீருக்குள் குழாய் தரையை அழுத்தும் எடை, மீட்டருக்கு 142 கிலோ. (இந்தப் பூச்சே தனித் தொழில். கோலாலம்பூரின் வா சியோங் குழுமத்தைச் சேர்ந்த வாஸ்கோ 2016-இல் பால்டிக் கடலின் நோர்ட் ஸ்ட்ரீம் 2 குழாய்க்கான பூச்சு ஒப்பந்தத்தைப் பெற்றது.)

இந்த 142 கிலோவைத் தாங்கி, அலை தள்ளும்போது குழாயை நகரவிடாமல் பிடித்துக்கொள்வது மண்ணின் வேலை. மணல் என்றால் உராய்வு. மென்களிமண் என்றால் குழாய் கொஞ்சம் புதைந்து, பக்கவாட்டில் மண்ணே அணையாக நிற்கும். எவ்வளவு புதையும் என்பது எடையை மட்டும் பொறுத்ததல்ல. குழாய் இறக்கும் கப்பல் அலையில் ஆடும். அந்த ஆட்டத்தில் குழாய் தரையைத் தொடும் இடம் சேற்றைக் கலக்கும். கலங்கிய சேற்றில் கூடுதலாகப் புதையும். மோரிப்பில் காலை ஆட்டிய அதே கதை.

இப்போது கணக்கின் மறுபக்கம். கான்கிரீட்டோடு சேர்த்து, காலியாக இருக்கும் அந்தக் குழாயின் சராசரி அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,380 கிலோ. நம் கரையோரக் களிமண்ணின் அடர்த்தி 1,400 முதல் 1,500. தளர்ந்த மணல் புயல் அலையில் குழம்பாகிவிட்டால் 1,900 வரை. சுற்றியுள்ள மண் திரவமாகிவிட்டால், தண்ணீரில் கனமாக இருந்த அதே குழாய் அந்தக் குழம்பில் லேசாகிவிடும். பள்ளம் தோண்டிப் பத்திரமாகப் புதைத்த குழாய் மேலே எழும்பி வரும். புதைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்.

மணல் தரையில் வேறு தொல்லை. நீரோட்டம் குழாயின் அடியில் புகுந்து மணலை அரிக்கும். சீரான ஓட்டத்தில் அந்தப் பள்ளம் குழாய் விட்டத்தில் ஏறக்குறைய 0.6 பங்கு ஆழம் போகும் என்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட அளவு. குழாய் அந்தரத்தில் தொங்கும். ஓடும் நீர் அதன் பின்னால் சுழிகளை மாறி மாறி உதிர்க்க, குழாய் அதிரத் தொடங்கும். நம் கணக்கின் 710 மில்லிமீட்டர் குழாய்க்கு, நொடிக்கு ஒரு மீட்டர் நீரோட்டத்தில், இந்தச் சுழிகள் ஏறத்தாழ மூன்றரை நொடிக்கு ஒரு முறை பிறக்கும். தொங்கும் நீளம் கூடக் கூடக் குழாயின் இயல்பான அதிர்வும் மந்தமாகி அந்த வேகத்தை நெருங்கும். இரண்டும் பொருந்தினால் களைப்புக் கணக்கு ஆரம்பம். கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் ஒன் பாத்தம் பேங்க் பக்கம், தரையில் பல மீட்டர் உயரமுள்ள மணல் அலைகள் இருக்கின்றன. அவை நிற்பவை அல்ல, நகர்பவை. அப்படிப்பட்ட தரையில் இன்று மண்ணில் படுத்திருக்கும் குழாய் நாளை தொங்கலாம்.

எந்தப் பக்கம் பாதுகாப்பு?

இந்த வேலையின் சாரம் இதில்தான் இருக்கிறது. கட்டடம் கட்டுபவருக்கு மண்ணின் வலுவைக் குறைத்து எடுத்துக்கொண்டால் பாதுகாப்பு. குழாய்க்காரருக்கு அப்படி ஒரே பக்கம் கிடையாது. அலையில் நகராமல் இருக்குமா என்று பார்க்கும்போது மண்ணின் பிடியைக் குறைவாக எடுக்க வேண்டும். சூடான எண்ணெய் ஓடும்போது குழாய் நீளும். நீளவிடாமல் மண் பிடித்தால் குழாயின் எஃகில் அமுக்கு விசை ஏறி எங்காவது வளைந்து வெளியேறும். அந்தக் கணக்கில் பிடி அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் வேறு ஆபத்து. அதனால் மண் அறிக்கையில் குறைந்த மதிப்பு, நடு மதிப்பு, உயர்ந்த மதிப்பு என மூன்றும் கேட்பார்கள். ஒற்றை எண் கொடுக்கிற அறிக்கையை அனுபவசாலி திருப்பி அனுப்பிவிடுவார்.

ரியோ டி ஜெனிரோவின் குவானபாரா விரிகுடாவில் 2000 ஜனவரியில் நடந்ததை இதற்காகவே படித்து வைத்துக்கொள்ளுங்கள். சதுப்புக்காடு சூழ்ந்த ஆழமில்லாத நீர், மிக மென்மையான களிமண், அதில் சூடான எண்ணெய் கொண்டுபோன பெட்ரோபிராஸ் குழாய். வெப்பத்தில் நீண்ட குழாயைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த அந்தச் சேற்றுக்கு வலு இல்லை. குழாய் வளைந்து உடைந்து சுமார் 13 லட்சம் லிட்டர் எண்ணெய் விரிகுடாவில் கலந்தது. கிள்ளான் முகத்துவாரத்தையும் பூலாவ் கெத்தாமையும் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த இடத்தைக் கற்பனை செய்ய வரைபடம் தேவைப்படாது.

சில இடங்களில் குழாய் மட்டுமல்ல, தரையே கிளம்பிப் போகும். 2004-இல் ஐவன் சூறாவளியின்போது மிசிசிப்பி முகத்துவாரத்தில் கடலடிச் சேறு சரிந்து குழாய்களைச் சேதப்படுத்தியது, டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடை ஒன்றையும் சாய்த்தது. எத்தனை டன் கான்கிரீட் பூசினாலும் இதற்கு மருந்தில்லை. அந்த இடத்தைத் தவிர்த்துப் பாதை போடுவதுதான் வழி. அதைச் சொல்லப்போகிறவர் நிலவியலாளர். பொறியியல் படிக்கவில்லையே என்று நிலவியல் பட்டதாரிகள் தயங்க வேண்டியதில்லை.

எந்த வாசல் வழியாக நுழைவது?

பலரும் முதல் நாளே கே.எல்.சி.சி. பக்கத்து அலுவலகத்தில் குழாய் வடிவமைப்பாளராக உட்கார ஆசைப்படுகிறார்கள். என் கருத்து வேறு: முதல் இரண்டு வருடம் நிலத்தில் மண் சோதனை செய்யும் கம்பெனியில் சேருங்கள். எஸ்.ஐ. கம்பெனி என்பார்களே, அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இவை நிறைய. வெயில், சேறு, துளைப்பு இயந்திரத்தின் சத்தம், சுமாரான சம்பளம். ஆனால் மண்ணைக் கையில் பிசைந்து "இது மென்மை, இது நடுத்தரம்" என்று சொல்லும் பழக்கம் அங்கேதான் வரும். கடலில் ஆய்வுக் கப்பலின் ஒரு நாள் வாடகைக்கு ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். அங்கே போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்று யாரும் உங்களை ஏற்றமாட்டார்கள்.

டிப்ளோமாவுக்கு ஷா ஆலாமின் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா பாலிடெக்னிக் அருகில் இருக்கிறது. பட்டத்துக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் சிவில் அல்லது நிலவியல், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிலவியல், ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பேராவில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். எங்கே படித்தாலும் மண்ணியக்கவியல் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மென்பொருள் பயிற்சிச் சான்றிதழ்களை அடுக்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்ததும் பொறியாளர் என்றால் பொறியாளர் வாரியத்திலும், நிலவியலாளர் என்றால் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிலவியலாளர் வாரியத்திலும் பதிவு செய்துவிடுங்கள். ஐந்து வருடம் தள்ளிப்போட்டுவிட்டுப் பழைய மேலாளரைத் தேடிக் கையெழுத்துக்கு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலுக்குப் போக மருத்துவத் தகுதி வேண்டும். ஹெலிகாப்டர் நீரில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சியை உள்ளடக்கிய போசியட் சான்றிதழும், கடல்தளப் பாதுகாப்புக் கடவுச்சீட்டும் கேட்பார்கள். போசியட் நான்கு ஆண்டுக்குத்தான் செல்லும். வேலை உறுதியாகும் முன் சொந்தக் காசில் இதை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். பெரும்பாலும் கம்பெனியே அனுப்பும். நீச்சல் தெரியாவிட்டால் மட்டும் இப்போதே பழகத் தொடங்குங்கள்.

கப்பலில் முதல் வேலை

ஆய்வுக் கப்பலில் வேலை 12 மணி நேர ஷிப்டு. இளையவருக்கு இரவு ஷிப்டுதான் விழும். முதலில் ஒலியலையால் தரையின் வடிவத்தையும், அதன் கீழிருக்கும் அடுக்குகளையும் வரைவார்கள். பிறகு மண் மாதிரி எடுப்பார்கள். கூடவே சி.பி.டி.: 10 சதுர சென்டிமீட்டர் முனையுள்ள கூம்பை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் தரைக்குள் அழுத்தி, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பது. மிக மென்மையான சேற்றில் கூம்புக்குப் பதில் குறுக்குத் தண்டு வைத்த டி-பார் இறக்குவார்கள். அதை ஒரே ஆழத்தில் மேலும் கீழுமாக ஆட்டினால் கலங்கிய மண்ணின் வலுவும் கிடைத்துவிடும். குழாய்க்கு முக்கியம் மேல் ஒன்றிரண்டு மீட்டர் மண்தான். 80 மீட்டர் துளைத்துவிட்டு முதல் அரை மீட்டரைத் தவறவிட்ட தரவு, மேடைத் தூண்களுக்கு உதவும், குழாய்க்கு உதவாது.

மாதிரி மேலே வந்ததும் உங்கள் கைவேலை. எது மேல்பக்கம் என்று உடனே குறியுங்கள். படம் எடுங்கள். டெக்கிலேயே சின்னக் கருவிகளால் வலுவை அளந்து எழுதுங்கள். ஈரம் போகாமல் மெழுகிட்டு, நிமிர்த்தியே வையுங்கள். எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிர்வில் கலங்கிவிடும். இரவு மூன்று மணிக்கு மாதிரிக் குழாய்க்குள் பாதிதான் மண் வந்திருந்தால் "பாதிதான் வந்தது" என்று எழுதுங்கள். கப்பல்காரர் அவசரப்படுவார். காலையில் மேலாளர் முகம் சுளிப்பார். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு வடிவமைப்பாளர் இல்லாத மண்ணை நம்பிக் குழாய் போடுவார்.

கரைக்குத் திரும்பினால் அறிக்கை. அலகுகளைச் சரிபாருங்கள், கிலோபாஸ்கலையும் மெகாபாஸ்கலையும் மாற்றி எழுதுவது இந்தத் துறையின் நிரந்தர நோய். டி.என்.வி. நிறுவனத்தின் கையேடுகளில் தரையில் நிலைத்தலுக்கான எஃப்109, தொங்கலுக்கான எஃப்105, குழாய்-மண் உறவுக்கான எஃப்114 மூன்றையும் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய அல்ல; எந்தச் சூத்திரம் எந்த மண்ணுக்குப் பொருந்தாது என்று அடிக்குறிப்புகளில் இருப்பதைத் தெரிந்துகொள்ள.

சம்பளப் பேச்சில் ஒரு எச்சரிக்கை: கடல் படியையும் அடிப்படைச் சம்பளத்தையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். எண்ணெய் விலை விழுந்து கப்பல்கள் கரையில் நிற்கும் வருடத்தில் படி நின்றுவிடும், வீட்டுக் கடன் நிற்காது. இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

நேர்காணலில் நான் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று. மென்களிமண்ணில் பள்ளம் தோண்டிக் குழாயை வைத்து, தோண்டிய சேற்றையே மேலே தள்ளி மூடியாயிற்று. அடுத்த வாரம் உள்ளே சூடான எண்ணெய் விடப்போகிறார்கள். குழாய் எந்தப் பக்கம் போகும்? "கனம் அதிகம், கீழே போகும்" என்று சொல்பவர், சூட்டில் குழாய் நீளும் என்று மேலே படித்ததை மறந்தவர். பக்கவாட்டில் தோண்டாத மண் பிடித்திருக்கிறது, மேலே இருப்பது கலங்கிய சேறு, நீளும் குழாய்க்கு எளிய வழி மேல்நோக்கித்தான் என்று சொல்பவரை உட்காரச் சொல்வேன். "அந்தச் சேறு மறுபடி இறுக எத்தனை மாதம் ஆகும், அதுவரை எண்ணெயைத் தள்ளிப்போட முடியுமா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டால், எப்போது வேலைக்கு வர முடியும் என்பதுதான் என் அடுத்த கேள்வி.